தன் வகுப்பையே ஆராயும் ஆசிரியர்

பணியில் இருந்துகொண்டே இணையவழியில் கல்வியியல் முதுநிலைப் பட்டம் படிக்கிற ஆசிரியர்களில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு பருவத்தில் இந்தப் பணி வந்து சேரும். உங்கள் வகுப்பில் ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்காக ஒரு மாற்றத்தைச் செய்து பாருங்கள், என்ன நடந்தது என்று ஆய்வேடாக எழுதுங்கள். சில இடங்களில் இதைச் செயல் ஆராய்ச்சி என்பார்கள். வேறு இடங்களில் வகுப்பறை ஆய்வு, இறுதித் திட்டப்பணி என்று பெயர்கள் மாறும். வேலை ஒன்றுதான்.

இதை இன்னொரு அசைன்மென்ட்டாக நினைத்து முடித்துவிடவும் முடியும். ஒரு முன்தேர்வு, ஒரு பின்தேர்வு, நடுவில் சில வாரங்கள் ஒரு புதிய முறை, கடைசியில் மதிப்பெண் கூடியது என்று ஓர் அட்டவணை. தேர்ச்சியும் கிடைத்துவிடும். ஆனால் ஓர் ஆசிரியர் தன் வகுப்பை நின்று நிதானமாகப் பார்க்க, பணிவாழ்வில் அவருக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று. அதை வீணாக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு இல்லாத ஒன்று ஆசிரியருக்கு இருக்கிறது. அவருக்குப் பிள்ளைகளைத் தெரியும். யார் புரியாமல் தலையாட்டுகிறார்கள், யார் தெரிந்தும் வாய் திறப்பதில்லை என்பதெல்லாம் தெரியும். அந்த நெருக்கம்தான் இந்த ஆய்வின் பலம். அதே நெருக்கம் கண்ணை மறைக்கவும் செய்யும். தான் பாடுபட்டுக் கொண்டுவந்த முறை பலித்ததா இல்லையா என்று தானே தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் நிற்கிறார். வகுப்பறை ஆய்வில் உள்ள நுட்பங்கள் எல்லாமே கடைசியில் இந்த ஒரு சிக்கலைச் சமாளிப்பதற்காக ஏற்பட்டவை என்பது என் எண்ணம்.

இணையவழிப் பட்டங்கள் இதற்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வளாகத்துக்கு வந்து முழுநேரமாகப் படிப்பவருக்கு ஆய்வு செய்யப் பள்ளி தேட வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், முகம் தெரியாத பிள்ளைகளிடம் போய் நிற்க வேண்டும். பணியில் இருந்தபடி படிப்பவர் தன் வகுப்பையும் கூடவே கொண்டுவருகிறார். திங்கள் இரவு படித்ததைச் செவ்வாய் காலை செய்து பார்க்க அவரால் முடியும். தொலைநிலைக் கல்விக்கும் ஆசிரியர்களுக்கும் உள்ள உறவும் பழையது. 1969-இல் நிறுவப்பட்டு 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், தொடக்க ஆண்டுகளில் படித்தவர்களில் பெரும் பங்கினர் பணியில் இருந்த ஆசிரியர்கள்.

எங்கிருந்து வந்தது இந்த எண்ணம்

ஆசிரியரே ஆராயலாம் என்பது இன்று இயல்பாகத் தோன்றுகிறது. அப்படித் தோன்றாத காலம் நெடுநாள் இருந்தது. ஆய்வு பல்கலைக்கழகத்தில் நடக்கும், முடிவு பள்ளிக்கு வரும், ஆசிரியர் அதைச் செயல்படுத்துவார் என்பதே வழக்கமாக இருந்தது.

செயல் ஆராய்ச்சி என்ற சொல்லைப் பரவச் செய்தவர் கர்ட் லெவின். 1933-இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா வந்த யூத உளவியலாளர். சமூகக் குழுக்களிடையே உள்ள பகையைக் குறைப்பது எப்படி என்பதுதான் அவரது கவலை. வகுப்பறை அவர் மனத்தில் முதலிடத்தில் இல்லை. 1946-இல் வெளியான கட்டுரையில், திட்டமிட்டு, ஓர் அடி எடுத்து வைத்து, அதன் விளைவை அளந்து, அதற்கேற்பத் திட்டத்தைத் திருத்தி அடுத்த அடி எடுக்கும் முறையை அவர் விவரித்தார். அதற்கடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அந்தச் சிந்தனையைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீபன் கோரி. 1953-இல் அவர் எழுதிய நூல் ஆசிரியர்களை ஆய்வாளர்களாகவே பார்த்தது. பல்கலைக்கழகங்களிலிருந்து எதிர்ப்பு வந்தது. ஆசிரியர்களுக்கு ஆய்வுப் பயிற்சி கிடையாது, இதில் அறிவியல் முறை இல்லை என்றார்கள். 1950-களின் இறுதிக்குள் அமெரிக்காவில் அந்த அலை அடங்கிவிட்டது.

அது மறுபடி எழுந்தது பிரிட்டனில். கல்வியியலாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1967 முதல் நடத்திய பாடத்திட்ட முயற்சியில், 14 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகள் போர், குடும்பம், இனம் போன்ற சர்ச்சைக்குரிய விஷயங்களை வகுப்பில் விவாதித்தார்கள். ஆசிரியர் தன் கருத்தைத் திணிக்காமல் நடுநிலையாக விவாதத்தை நடத்த வேண்டும். இது சொல்லச் சுலபம், செய்வது கடினம். தாங்கள் உண்மையிலேயே நடுநிலையாக இருக்கிறோமா என்பதை ஆசிரியர்கள் தங்கள் வகுப்பைத் தாங்களே ஆராய்ந்துதான் கண்டுகொள்ள முடிந்தது. இந்த அனுபவத்திலிருந்துதான், பாடத்திட்டம் என்பது ஆசிரியர் தன் வகுப்பில் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு கருதுகோள், அப்படியே செயல்படுத்த வேண்டிய கட்டளை இல்லை என்ற நிலைக்கு ஸ்டென்ஹவுஸ் வந்தார். 1975-இல் இதை விரிவாக எழுதினார். ஆய்வு என்றால் என்ன என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் மிகச் சிறியது: முறையாகத் தேடுவது, தேடியதைப் பொதுவில் வைப்பது. எத்தனை பேரைச் சோதித்தீர்கள், எந்தப் புள்ளியியல் சூத்திரத்தைப் பயன்படுத்தினீர்கள் என்ற கேள்விகளுக்கே அதில் இடமில்லை. முறையும் வெளிப்படையும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அப்புறம் ஆஸ்திரேலியா. 1980-களில் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கெம்மிஸும் ராபின் மக்டாகர்ட்டும் லெவினின் படிநிலைகளைத் திட்டமிடல், செயல், உற்றுநோக்கல், மீள்சிந்தனை என்ற நான்காகச் சுருக்கி, ஒரு சுருள் படமாகப் பரப்பினார்கள். இன்று இணையவழிப் பாடங்களில் முதல் வாரமே கண்ணில் படுவது அந்தப் படம்தான். டீக்கின், தொலைநிலைக் கல்விக்கு முக்கிய இடம் கொடுத்துத் தொடங்கிய பல்கலைக்கழகம் என்பது இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். வீட்டிலிருந்து படிக்கும் ஆசிரியருக்கும் இந்த ஆய்வு முறைக்கும் உள்ள பொருத்தம் நேற்று ஏற்பட்டதல்ல.

படம் அழகாக இருக்கிறது. வகுப்பறை அப்படி அழகாகச் சுற்றுவதில்லை. உற்றுநோக்கிக்கொண்டிருக்கும்போதே திட்டம் மாறும், செயலின் நடுவில் கேள்வியே தவறு என்று தெரியவரும். அப்படி நேர்வதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எப்போது, ஏன் மாறியது என்று தேதியோடு குறித்து வைத்தால் போதும்.

கேள்வியைச் சுருக்குவது

முதல் வாரங்களில் ஆசிரியர்கள் கொண்டுவரும் கேள்விகள் பெரியவை. வாசிப்புத் திறனை மேம்படுத்துவது எப்படி, கணிதத்தின் மீதுள்ள பயத்தைப் போக்குவது எப்படி, ஆர்வத்தைத் தூண்டுவது எப்படி. எல்லாமே உண்மையான கவலைகள்தான். ஆனால் ஒரு பருவத்துக்குள், ஒரு வகுப்பில், ஓர் ஆளால் இவற்றுக்குப் பதில் தேட முடியாது. நெறியாளர் கேள்வியைச் சுருக்கச் சொல்லும்போது பலருக்கும் மனம் வருந்துகிறது. முக்கியமான ஒன்றைக் கைவிடச் சொல்கிறார் என்று தோன்றுகிறது.

சிறிய கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் ஆய்வு எனக்குப் பிடித்த உதாரணம். அமெரிக்காவின் தொடக்கப் பள்ளிகளில் நடந்த அறிவியல் பாடங்களின் ஒலிப்பதிவுகளை அவர் கேட்டார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். அதன்பின் எத்தனை நொடி காத்திருக்கிறார்? இவ்வளவுதான் கேள்வி. சராசரியாக ஒரு நொடி என்று தெரிந்தது. அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியர் கேள்வியைத் திரும்பக் கேட்டார், மாற்றிக் கேட்டார், அல்லது வேறு பிள்ளையைக் கூப்பிட்டார். அந்த ஒரு நொடியை மூன்று நொடியாக நீட்டச் சொல்லி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. பதிலே இல்லாமல் போவது குறைந்தது. தாமாக முன்வந்து பேசுவது கூடியது. மெதுவாகப் படிப்பவர்கள் என்று எண்ணப்பட்ட பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். இன்னொன்றையும் அவர் கண்டார். நன்றாகப் படிப்பவர்கள் என்று ஆசிரியர்கள் கருதிய பிள்ளைகளுக்கே அதிக நேரம் காத்திருந்தார்கள். யாருக்கு நேரம் தேவையோ அவர்களுக்குக் குறைவாகக் காத்திருந்தார்கள். எந்த ஆசிரியரும் வேண்டுமென்று இதைச் செய்யவில்லை. ஒலிப்பதிவைக் கேட்கும்வரை யாருக்கும் இது தெரியவும் இல்லை.

1970-களில் வெளிவந்த இந்த ஆய்வை எந்த ஆசிரியரும் தன் வகுப்பில் இன்றே செய்து பார்க்கலாம். ஒரு கைப்பேசியும் கடிகாரமும் போதும். ஆர்வத்தைத் தூண்டுவது எப்படி என்ற பெரிய கேள்விக்கு நேராகப் போயிருந்தால் இந்த மூன்று நொடி ஒருபோதும் கண்ணில் பட்டிருக்காது.

சுருக்குவதற்கு ஒரு வழி, கேள்வியில் வரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் பிடித்துக்கொண்டு இதை நான் எப்படிப் பார்ப்பேன், எப்படி எண்ணுவேன் என்று கேட்பது. ஆர்வம் என்பதைப் பார்க்க முடியாது. கூப்பிடாமலே கை தூக்குவதைப் பார்க்கலாம். புரிதலைப் பார்க்க முடியாது. ஒரு கணக்கை எந்த வழியில் போட்டாய் என்று சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளலாம். இப்படிப் போகும்போது, முதலில் எழுதிய கேள்வியில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். மிச்சம் இருப்பதுதான் ஆய்வுக்கேள்வி.

எதைத் தரவாகக் கொள்வது

தரவு என்றதும் பலர் புதிதாக ஒரு வினாநிரல் தயாரிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். வகுப்பில் ஏற்கெனவே குவிந்து கிடப்பதை முதலில் பார்க்க வேண்டும். வீட்டுப்பாட ஏடுகள், வருகைப் பதிவு, அடித்துத் திருத்திய விடைகள், ஒரே தவறு திரும்பத் திரும்ப வரும் இடங்கள். இவை ஆய்வுக்காக உண்டாக்கப்பட்டவை அல்ல என்பதாலேயே நம்பகமானவை. டீச்சர் எதை எதிர்பார்க்கிறார் என்று யோசித்து ஒரு பிள்ளை வினாநிரலை நிரப்பலாம். போன மாதத்து வீட்டுப்பாடத்தை அப்படி மாற்ற முடியாது.

அடுத்து ஒலிப்பதிவு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியை ஜான் டூயி 1896-இல் தொடங்கினார். அதே பள்ளியில் பல ஆண்டுகள் மழலையர் ஆசிரியராக இருந்த விவியன் பேலி, தன் வகுப்பில் நடந்த பேச்சை ஒலிப்பதிவு செய்து, பிறகு கேட்டு எழுதிவைப்பதைப் பழக்கமாகக் கொண்டிருந்தார். அவரிடம் கட்டுப்பாட்டுக் குழு (புதிய முறையைப் பெறாமல், ஒப்பிடுவதற்காக மட்டும் வைக்கும் குழு) இல்லை, சராசரி இல்லை. பிள்ளை என்ன சொன்னது, அதற்குத் தான் என்ன சொன்னோம் என்ற வரிகள்தான் இருந்தன. பிள்ளைகளின் விளையாட்டையும் கதைகளையும் பற்றி அவர் எழுதியவை பின்னாளில் ஆய்வாளர்களே மேற்கோள் காட்டும் அளவுக்கு மதிக்கப்பட்டன. தன் குரலைத் தானே கேட்பது முதல் தடவை சங்கடமாகத்தான் இருக்கும். நாம் எவ்வளவு பேசுகிறோம், பிள்ளைகள் எவ்வளவு பேசுகிறார்கள் என்பது பத்து நிமிடப் பதிவிலேயே தெரிந்துவிடும்.

களக்குறிப்பை, அதாவது வகுப்பில் கண்டதை ஆசிரியர் எழுதிவைக்கும் குறிப்பைப் பற்றி ஒன்று மட்டும். அன்றைக்கே எழுத வேண்டும். பார்த்ததை ஒரு பக்கத்திலும் அதைப் பற்றி நினைத்ததை எதிர்ப்பக்கத்திலும் எழுதும் பழக்கம் வந்துவிட்டால், இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. "கடைசி வரிசையில் மூன்று பேர் ஏட்டைத் திறக்கவில்லை" என்பது பார்த்தது. "கடைசி வரிசைக்கு அக்கறை இல்லை" என்பது நினைத்தது. ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் இரண்டாவது மட்டுமே மிஞ்சும்.

ஒரே விஷயத்தை மூன்று பக்கங்களிலிருந்து பார்ப்பதை முக்கோணச் சரிபார்ப்பு என்கிறார்கள். நில அளவையிலிருந்து வந்த சொல். மதிப்பெண் ஒன்று சொல்கிறது, களக்குறிப்பு ஒன்று சொல்கிறது, பிள்ளைகளின் நேர்காணல் வேறொன்று சொல்கிறது என்றால், மூன்றும் ஒத்துப்போகவில்லையே என்று வருந்த வேண்டாம். எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் பெரும்பாலும் புதிய செய்தி இருக்கும்.

கூடிய மதிப்பெண் எதைச் சொல்கிறது

முன்தேர்வில் குறைவு, பின்தேர்வில் அதிகம், ஆகவே என் முறை பலித்தது. இந்த ஒரு வரியில் எத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்பதை நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் இணையவழிப் பட்டங்களில் மிக அதிகமாக எழுதப்படும் முடிவு இதுதான்.

முதலாவது, ஆறு வாரத்தில் பிள்ளைகள் எப்படியும் கொஞ்சம் கற்றுக்கொள்வார்கள். பழைய முறையிலேயே நடத்தியிருந்தாலும் மதிப்பெண் கூடியிருக்கும். அடுத்து, அதே மாதிரித் தேர்வை இரண்டாவது முறை எழுதும்போது அதன் அமைப்பு பழகியிருக்கும். இவை இரண்டும் பலருக்குத் தெரிந்தவை.

அதிகம் கவனிக்கப்படாதது மூன்றாவது. ஒரு தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துத் தனிப்பயிற்சி தருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துப் பேரில் சிலர் உண்மையிலேயே பின்தங்கியவர்கள். சிலருக்கு அன்று காய்ச்சல், சிலர் முந்தின இரவு தூங்கவில்லை, சிலருக்குப் படிக்காமல் விட்ட பகுதியிலிருந்தே கேள்விகள் வந்துவிட்டன. அடுத்த தேர்வில் இந்தத் துரதிர்ஷ்டம் அதே ஆட்களையே தேடி வராது. ஆகவே எந்தப் பயிற்சியும் இல்லாமலே அந்தப் பத்துப் பேரின் சராசரி மேலே வரும். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று இதற்குப் பெயர். பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1886-இல் விவரித்தது இதைத்தான். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குள்ளமாக இருந்தார்கள். மிகக் குள்ளமான பெற்றோரின் பிள்ளைகள் சற்று உயரமாக இருந்தார்கள். பின்தங்கியவர்களை மட்டும் எடுத்துச் செய்யும் ஒவ்வொரு வகுப்பறை ஆய்விலும் இந்த விளைவு ஒளிந்திருக்கிறது. ஒரே தேர்வை வைத்துத் தேர்ந்தெடுக்காமல், இரண்டு மூன்று தேர்வுகளையும் ஆசிரியரின் குறிப்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் இதன் வீரியம் குறையும்.

நான்காவது, தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனிதர் நடத்தை மாறுவது. சிகாகோவுக்கு அருகில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் ஆலையில் 1924-இல் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து இதற்கு ஹாதோர்ன் விளைவு என்று பெயர் வந்தது. அந்த ஆலையில் உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பற்றிப் பின்னாளில் நிறைய மறுப்புகள் எழுந்தன. ஆனாலும் எச்சரிக்கை செல்லும். வகுப்பில் கேமரா வந்து நின்ற முதல் நாளும் பத்தாவது நாளும் ஒன்றல்ல. முதல் சில நாள் பதிவுகளைத் தரவில் சேர்க்காமல் விடுவது பல ஆசிரியர்கள் கடைப்பிடிக்கும் எளிய வழி.

ஐந்தாவது ஆசிரியரின் எதிர்பார்ப்பு. ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட ஆய்வு, குருட்டாம்போக்கில் பொறுக்கிய சில பிள்ளைகளை இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்து, பிறகு என்ன ஆனது என்று பார்த்தது. கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறினார்கள் என்பது அவர்கள் கண்டது. அளவு எவ்வளவு என்பதில் இன்றுவரை விவாதம் உண்டு. தன் முறையில் நம்பிக்கை வைத்த ஆசிரியர் தானே விடைத்தாள் திருத்தும்போது இது எப்படி வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். மறுமருந்து கடினமானதல்ல. முன்தேர்வுத் தாள்களையும் பின்தேர்வுத் தாள்களையும் பெயரும் தேதியும் மறைத்து ஒன்றாகக் கலந்து, வேறோர் ஆசிரியரிடம் திருத்தக் கொடுக்கலாம். எந்தத் தாள் எப்போது எழுதியது என்று அவருக்குத் தெரியாது. ஒரு மாலை வேலைதான். ஆய்வின் நம்பகத்தன்மை அதனால் எவ்வளவோ உயரும்.

சரி, இன்னொரு பிரிவைக் கட்டுப்பாட்டுக் குழுவாக வைத்தால் இத்தனையும் தீர்ந்துவிடாதா? ஓரளவு தீரும். ஆனால் அந்தப் பிரிவுக்கு வேறு ஆசிரியர், வேறு நேரம், வேறு பிள்ளைகள். பக்கத்து வகுப்பைக் கட்டுப்பாட்டுக் குழு என்று எழுதுவதைவிட, ஒப்பீட்டுக்காகப் பார்த்த வகுப்பு என்று எழுதி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளைச் சொல்லிவிடுவது நேர்மையானது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் கிடைத்த முடிவு எல்லா வகுப்புக்கும் பொருந்தும் என்று எந்த நெறியாளரும் எதிர்பார்ப்பதில்லை. எந்தச் சூழலில், எப்படிப்பட்ட பிள்ளைகளிடம் நடந்தது என்று விரிவாக எழுதினால் போதும். தன் வகுப்புக்குப் பொருந்துமா என்று படிக்கும் ஆசிரியர் தானே முடிவு செய்துகொள்வார்.

மறுக்க முடியாத பிள்ளையிடம் சம்மதம் கேட்பது

பல ஆய்வேடுகளில் அறநெறிப் பகுதி அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. எனக்கு இது வருத்தம் தரும் விஷயம். இந்த ஆய்வில் மிகக் கனமான பகுதி இதுதான்.

மனிதர்களை ஆய்வுக்கு உட்படுத்துவதில் இன்று உலகம் முழுவதும் பேசப்படும் கொள்கைகள் பெரும்பாலும் மருத்துவ ஆய்வுகளில் நடந்த கொடுமைகளிலிருந்து பிறந்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947-இல் வந்த நியூரம்பெர்க் நெறிகள் தாமாக முன்வந்து தரும் சம்மதத்தை முதலில் வைத்தன. 1979-இல் அமெரிக்காவில் வெளியான பெல்மாண்ட் அறிக்கை மனிதருக்கு மதிப்பு, நன்மை செய்தல், நீதி என்று மூன்றைச் சொன்னது. அமெரிக்காவின் கூட்டரசு விதிகளில், வழக்கமான கல்விச் சூழலில் வழக்கமான கற்பித்தல் முறைகளைப் பற்றி நடக்கும் ஆய்வுக்கு அறநெறிக் குழுவின் முழுப் பரிசீலனையிலிருந்து விலக்குப் பெற இடமுண்டு. பெரும்பாலான வகுப்பறை ஆய்வுகள் இந்த வகையில் வந்துவிடும். ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்பதை ஆசிரியர் தானே முடிவு செய்யக் கூடாது. பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு சொல்ல வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும். தரவைத் திரட்டிய பிறகு பின்தேதியிட்டு அனுமதி வாங்க முடியாது என்பதால், பருவம் தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. பள்ளித் தலைமையின் அனுமதி இதிலிருந்து தனி. இரண்டும் வேண்டும்.

படிவங்களைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. மதிப்பெண் போடும் ஆளே வந்து, என் ஆய்வில் சேர்கிறாயா, விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொன்னால், பிள்ளை எப்படி வேண்டாம் என்று சொல்லும்? பெற்றோரும் அதே நிலையில்தான். இந்த அதிகார வேறுபாட்டை முழுதாக நீக்க முடியாது, குறைக்க முடியும். சம்மதப் படிவங்களை வேறோர் ஆசிரியர் வாங்கி, உறையில் ஒட்டி, ஆண்டிறுதி மதிப்பெண் கொடுத்து முடியும்வரை தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். யார் சேர்ந்தார்கள், யார் மறுத்தார்கள் என்பது அதுவரை வகுப்பாசிரியருக்குத் தெரியாது. புதிய முறையில் எல்லோருக்கும்தான் பாடம் நடக்கும், சம்மதித்தவர்களின் தரவு மட்டுமே ஆய்வேட்டில் வரும். ஆய்வுக்காக எந்தப் பிள்ளைக்கும் பாடம் குறைந்துவிடக் கூடாது. பாதியில் ஒரு முறை பலிக்கவில்லை என்று தெரிந்தால், அட்டவணைப்படி ஆறு வாரம் ஓட்ட வேண்டும் என்பதற்காகத் தொடரக் கூடாது. அங்கேயே நிறுத்திவிட்டு, நிறுத்திய காரணத்தை எழுதிவிட வேண்டும். ஆசிரியர் என்ற பொறுப்பு ஆய்வாளர் என்ற பொறுப்புக்கு முந்தியது.

இணையவழிப் படிப்பில் இதோடு சேர்ந்து இன்னொரு கவலையும் வருகிறது. வகுப்பில் எடுத்த வீடியோவை உடன் படிப்பவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று பாடத்தில் கேட்பார்கள். பிள்ளைகளின் முகமும் குரலும் அப்போது வேறு ஊர்களில், வேறு நாடுகளில் உள்ள திரைகளுக்குப் போகின்றன. பெற்றோர் சம்மதித்தது அதற்கா? படிவத்தில் அப்படி எழுதியிருந்தால்தான் சரி. பிள்ளைகள் எழுதியதைத் தொகுத்துத் தரச் சொல்லி செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் ஏற்றுவதற்கும் இதே கேள்வி பொருந்தும். பெயரை நீக்கினால் போதும் என்று நினைப்போம். ஒரே வகுப்பில், திக்கிப் பேசும் ஒரே பிள்ளையைப் பற்றி எழுதும்போது பெயர் இல்லாமலும் அது யார் என்று அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு நாட்காட்டிகள்

பல்கலைக்கழகத்தின் பருவம் ஒரு நாட்காட்டியில் ஓடுகிறது, பள்ளி வேறொன்றில். ஆய்வுத் திட்டத்தை ஒப்படைக்கும் வாரத்தில் இங்கே தேர்வு நடந்துகொண்டிருக்கும். தரவு திரட்ட வேண்டிய வாரத்தில் விளையாட்டு விழா. பத்துப் பன்னிரண்டு வாரப் பாடத்தில், அனுமதிக்கும் திட்டத்துக்கும் எழுத்துக்கும் போக உண்மையான செயலுக்கு மிஞ்சுவது நான்கைந்து வாரங்கள்தான். இந்த அவசரம்தான் ஆய்வின் தரத்தை அதிகமாகக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு சுற்று முடிந்ததும் முடிவு எழுதச் சொல்கிறார்கள். லெவின் சொன்ன முறையின் உயிரே இரண்டாவது சுற்றில்தான் இருக்கிறது. முதல் சுற்றில் நாம் கற்றுக்கொள்வது பெரும்பாலும் கேள்வியை எங்கே தவறாகக் கேட்டோம் என்பதைத்தான். அதனால் நேரம் குறைவாக இருந்தால் கேள்வியை இன்னும் சுருக்கி, இரண்டு வாரச் சுற்றுகள் இரண்டு செய்வது, நான்கு வாரச் சுற்று ஒன்றைவிட மேல்.

தனிமையும் உண்டு. நெறியாளர் திரையில் மாதம் ஒரு முறை வருகிறார். வகுப்பை அவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆசிரியர் எழுதியதை மட்டும் வைத்துத்தான் அவர் பேச முடியும். இந்தக் குறையை ஈடுகட்ட ஒருவர் வேண்டும்: அதே பள்ளியில், வகுப்பின் கடைசியில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, நட்போடு ஆனால் மழுப்பாமல் பேசக்கூடிய ஒரு சக ஆசிரியர். நீங்கள் சொன்ன மாதிரி எல்லோரும் பேசவில்லை, ஐந்து பேர்தான் பேசினார்கள், நான் எண்ணினேன் என்று சொல்லக்கூடியவர். அப்படி ஒருவர் கிடைத்தால் அவருக்கு ஆய்வேட்டின் முகப்பில் நன்றி சொல்வதோடு நிற்காமல், அவர் என்ன சொன்னார், அதனால் எது மாறியது என்பதையும் உள்ளே எழுத வேண்டும்.

எழுதும்போது வரும் பெரிய சபலம், பலிக்காததை மறைப்பது. பட்டம் போய்விடுமோ என்ற பயம். பெரும்பாலான மதிப்பீட்டு அளவுகோல்களில் மதிப்பெண் இருப்பது கேள்வி, முறை, தரவிலிருந்து முடிவுக்கு வந்த விதம் ஆகியவற்றுக்குத்தான். பிள்ளைகளின் மதிப்பெண் கூடியதா என்பதற்கு அல்ல. குழுவாகப் படிக்க வைத்தேன், மூன்று குழுக்களில் ஒரே பிள்ளை எழுத மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒருவர் எழுதிவைத்தால், அதே முறையை அடுத்த ஆண்டு தொடங்கப் போகும் இன்னோர் ஆசிரியருக்கு எத்தனை உதவி! எல்லாமே பலித்தது என்று சொல்லும் ஐம்பது ஆய்வேடுகளைப் படித்தாலும் அந்த ஒரு தகவல் அவருக்குக் கிடைக்காது.

பொதுவில் வைப்பது என்று ஸ்டென்ஹவுஸ் சொன்னதைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஒப்படைப்பது என்று மட்டும் புரிந்துகொள்கிறோம். முதலில் கேட்க வேண்டியவர்கள் அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பாடவேளையை ஒதுக்கி, இந்த ஆறு வாரமும் நான் எதைக் கவனித்தேன், என்ன தெரிந்தது என்று பிள்ளைகளிடமே சொல்லலாம். கேள்வி கேட்டுவிட்டு நான் எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்ற வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். சின்னப் பிள்ளைகளுக்கும் அது புரியும். ஒரு பிள்ளை எழுந்து, நீங்கள் காத்திருந்தீர்கள், ஆனால் என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தீர்கள், அதில்தான் எனக்குப் பதில் மறந்துபோனது என்று சொல்லக்கூடும். அதையும் அன்றைய தேதி போட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால், அடுத்த சுற்றுக்கு அதுவே கேள்வி.